அறுபதில் ஆனா ஆவன்னா: கீபோர்டா, பைனாகுலரா, தூரிகையா?

ஓய்வுக்குப் பிறகு புதிதாக ஒன்றைக் கற்கலாம் என்றதும் எல்லோரும் செலவைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். எனக்கு அவை இரண்டாம்பட்சம். முப்பது முப்பத்தைந்து வருடம் ஒரு வேலையில் கைதேர்ந்தவராக இருந்துவிட்டு, திடீரென்று ஒன்றும் தெரியாதவராக உட்கார வேண்டியிருக்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. பாதியில் விட்டுவிடுபவர்களைச் சோம்பேறி என்கிறோம். பெரும்பாலும் அது கூச்சம். அதனால் இசை, பறவை நோக்குதல், ஓவியம் மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: வயதான தொடக்கக்காரரை எது எப்படி நடத்துகிறது?

மூன்றில் இசைதான் கறார். தப்பு செய்த நொடியே காதில் விழும், பக்கத்து அறையில் இருப்பவருக்கும் சேர்த்து. கருவிக்குக் கருவி வித்தியாசமும் உண்டு. வயலினில் விரல் வைக்கும் இடத்துக்கு எந்த அடையாளமும் கிடையாது. மயிரிழை நகர்ந்தாலும் சுருதி போச்சு. மேற்கத்திய முறையில் கருவியைத் தோளில் தாங்கிக்கொண்டு இடது முன்கையை முறுக்கியே வைத்திருக்க வேண்டும். கழுத்துவலி ஏற்கெனவே இருப்பவர் இதைத் தேடிப் போக வேண்டாம். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சுரம் தானாகச் சரியாக வரும். பியானோவுக்கு இருப்பது போல 88 கட்டைகள் தேவையில்லை, ஆரம்பத்துக்கு 61 தாராளம். விரல் மூட்டு வலிப்பவர்கள் லேசாக அழுந்தும் கட்டைகளாகப் பார்த்து வாங்குவது நல்லது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் கண்ணாடி. வழக்கமான படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்குப் போடப்படுவது. இசைக்குறிப்புத் தாளோ அதைவிடத் தள்ளி, கொஞ்சம் மேலே நிற்கும். புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று பவர் படிப்படியாக மாறுவது) போட்டவர் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பழியை வயதின் மேல் போட்டுவிட்டுக் கருவியைப் பரணில் ஏற்றுவார். நாற்காலியில் உட்கார்ந்து தாளுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கண் பரிசோதிப்பவரிடம் சொல்லித் தனியாக ஒரு கண்ணாடி வாங்கினால் தீர்ந்தது.

இவ்வளவையும் மீறி இசைக்கு ஒரு பலம்: வாரத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியர் உங்களுக்காகக் காத்திருப்பார். ஓய்வில் முதலில் காணாமல் போவது அப்படிப்பட்ட ஆள்தான். தினமும் இருபது நிமிடம் வாசிப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நன்றாகக் கைகொடுக்கும்.

பறவை நோக்குதல் நேர் எதிர். முதல் நாளே கை நிறையக் கொடுத்துவிடும். காகம், புறா, சிட்டுக்குருவி என்று தெரிந்ததில் தொடங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்தே ஒரு பட்டியல் போட்டுவிடலாம். பைனாகுலர் வாங்கும்போது மட்டும் பெரிய எண்ணில் மயங்கக் கூடாது. 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். 10 மடங்கு என்றால் பறவையோடு கை நடுக்கமும் பெரிதாகும். பார்க்கும் பரப்பும் பொதுவாகக் குறையும், பறவை சிக்காது. கண்ணாடி போடுபவர், கண் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழுக் காட்சி தெரியும் என்று கேட்க வேண்டும். 15 மி.மீ.க்குக் குறைந்தால் ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும்.

வயதாக ஆகக் காதில் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். மெல்லிய கீச்சுக் குரல்கள் நழுவிப் போகும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற கைபேசிச் செயலி 2021 முதல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நமக்குக் கேட்காததையும் திரையில் கோடாகக் காட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது, தப்பும் சொல்லும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பழுப்பு நிறத்தில் இரண்டு கதிர்க்குருவிகள் இலைக்குள் தாவினால், பல வருடம் பார்த்தவரும் கையை விரித்துவிடுவார்: “தெரியலையே.” பக்கத்தில் நிற்கும் புதியவருக்கு அந்த ஒரு வார்த்தை தரும் தெம்பை எந்த வகுப்பும் தராது. குறை என்றால் மழை, வெயில், முழங்கால். அப்புறம், கூட்டம் சேராவிட்டால் தனிமையும் கூடும்.

ஓவியம் இரண்டுக்கும் நடுவில். தப்பு செய்தால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பெரும்பாலோர் தொடங்குவது வாட்டர் கலரில். பார்க்க எளிது, பழக மகா கடினம். வெள்ளை வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். காய்ந்ததும் நிறம் வெளுக்கும். போட்டதை மறைக்க வழியில்லை. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் இல்லாவிட்டால் ஈரத்தில் சுருண்டு, வண்ணம் குட்டையாகத் தேங்கும். அக்ரிலிக் வண்ணத்தில் பிசகினால் காயவிட்டு மேலே பூசிக்கொள்ளலாம். தூரிகையை உடனே கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துப் பொழுதுபோக்கை மாற்றிக்கொண்டவர்களில் அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸ் (1860–1961) முக்கியமானவர். மூட்டுவாதத்தால் எம்பிராய்டரி ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, எழுபதுகளின் இறுதியில் தூரிகைக்கு வந்தார். 1940இல் நியூயார்க்கில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. நிறங்கள் மங்கித் தெரிகின்றனவா? வண்ணத்தைத் திட்டுவதற்கு முன் கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல் அதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

இணையச் சதுரங்கம், தோட்டம் இரண்டையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். சதுரங்கம் தோல்வியைப் புள்ளிக்கணக்காகவே காட்டும், சிலருக்குத் தூக்கம் போகும். தோட்டம் நல்லதுதான், ஆனால் பத்து நாள் வெளியூர் போக விடாது.

சரி, என் வரிசை: கூச்சம் அதிகம் என்றால் பறவை; யாராவது விரட்டினால்தான் வேலை நடக்கும் என்றால் கீபோர்டு; தனியாகத் தப்பு செய்ய இடம் வேண்டும் என்றால் அக்ரிலிக். வயலின்தான் என்று ஒற்றைக் காலில் நிற்பவர், வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். வீட்டில் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். கீபோர்டில் இருப்பது போல ஹெட்போன் மாட்டுகிற வசதி சாதாரண வயலினில் கிடையாது.