மகளின் முதல் பெரிய கட்டில்

ஐந்து வயது மகளுக்குக் கட்டில் தேடியபோது, கார் வடிவத்திலும் இளவரசிப் படத்தோடும் வந்தவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள். தண்ணீர் பட்டால் உப்பிவிடும், கழற்றி மாட்டினால் திருகு சரியாகப் பிடிக்காது. வாடகை வீட்டுக்கு அது ஒத்துவராது.

மதுரையில் எங்கள் பகுதித் தச்சுப் பட்டறையில் தேக்கில் செய்யச் சொன்னோம். 75-க்கு 36 அங்குலம். கடையில் கிடைக்கும் ஒற்றை மெத்தை அப்படியே பொருந்தும், கல்லூரிக்குப் போகும்வரை மாற்ற வேண்டியதில்லை. தேக்கில் வெளுத்த ஓரப் பகுதியைப் பூச்சி அரிக்கும், அதைக் கலக்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

பக்கச் சட்டங்களைக் கால்களோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அடியில் நெருக்கமான குறுக்குச் சட்டங்கள், நடுவில் ஒரு தாங்குகால். குழந்தை குதித்தாலும் சத்தமில்லை. தலைமாட்டு முனைகளை உருட்டி இழைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சிராய் இல்லை என்று உறுதியான பிறகே ஆசாரி வார்னிஷ் தொட்டார். அந்தப் பொறுப்புக்கே கூடுதல் விலை தகும்.

சொன்ன தேதியில் மட்டும் தரவில்லை. வார்னிஷ் வாடை அடங்கவும் நாளாயிற்று. பள்ளி திறப்பதற்குள் வேண்டுமென்றால் கோடை விடுமுறை தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.