கிளிப் போட மொத்தப் பணத்தையும் லோனில் கட்டச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

பிள்ளைகளின் பல்லுக்குக் கிளிப் போட இடம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் போயிருக்கிறது. மதுரையில் சில கிளைகள் வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவமனை, அவ்வளவுதான். ஆள் யார் என்பதைவிட அவர்கள் பணம் வாங்கும் முறைதான் இங்கே விஷயம்.

மகளுக்கு மேல் வரிசை எத்திக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் கூட்டிப் போனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ரிசப்ஷனில் பேக்கேஜ் பேசி முடிந்துவிட்டது. மெட்டல் கிளிப் 48,000 ரூபாய். "வட்டியே இல்ல சார், மாசம் நாலாயிரம்தான். ஸ்கூல் வேன் ஃபீஸ் மாதிரி நினைச்சுக்கோங்க." ஆதார், பான், செல்லுக்கு வந்த ஓடிபி, உட்கார்ந்த இடத்திலேயே லோன் பாஸ். பணம் முழுவதும் ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து நேராகக் கிளினிக் கணக்குக்குப் போனது. எனக்கு வந்தது மாதத் தவணை மட்டும்.

கிளிப் வைத்தியம் சொத்தைப் பல் அடைப்பது போல ஓரிரு நாளில் முடிவதில்லை. ஒன்றரை, இரண்டு வருடம் இழுக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கம்பியையோ ரப்பரையோ மாற்ற வேண்டும். தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் பல டாக்டர்கள் கிளிப் ஒட்டும் அன்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மீதியை ஒவ்வொரு விசிட்டுக்கும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று பிரித்து வாங்குவார்கள். பிள்ளை நாற்காலியில் வந்து உட்கார்ந்தால்தான் அவர்களுக்குப் பணம். மொத்தமும் முதல் நாளே கைக்கு வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நம் பிள்ளை வருகிற ஒவ்வொரு தடவையும் கிளினிக்குக்குச் செலவு: நாற்காலி நேரம், அசிஸ்டென்ட் சம்பளம், வெளியிலிருந்து வரும் டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய பங்கு. அந்த நேரத்தில் புதிதாகப் பேக்கேஜ் போட வந்தவரை உட்கார வைத்தால் லாபம். எங்களுக்கு நடந்த அத்தனையும் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்ததுதான்.

அங்கே கிளிப் டாக்டர் தினமும் இருப்பவர் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரும் விசிட்டிங் டாக்டர். நல்லவர், கெட்டிக்காரர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலும் கீழும் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறிய கடைவாய்ப் பல்லை, பக்கத்துக்கு ஒன்றாக நாலு பல் எடுக்க வேண்டும் என்றார். எத்துப்பல்லுக்கு இது வழக்கமான வழிதான். அந்த இடைவெளியில்தான் முன் பற்களைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். "பக்கவாட்டு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாடையும் பல்லின் சாய்வும் தெரிகிற செஃபலோகிராம் அது. அது பேக்கேஜில் வராது, முழு வாய் எக்ஸ்ரேயே போதும் என்று ரிசப்ஷனில் முடித்துவிட்டார்கள். வைத்தியத்தின் திட்டத்தை டாக்டர் போட வேண்டுமா, ரிசப்ஷன் போட வேண்டுமா?

முதல் சில மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் விசிட்டிங் டாக்டர் வரவில்லை. "டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருக்காங்க சார்." அடுத்த மாதம், "வீட்ல ஃபங்ஷனாம் சார், நாங்களே கூப்பிடுறோம்." கூப்பிட மாட்டார்கள். கிளம்பி நிற்கும்போது அப்பாயின்ட்மென்ட் ரத்து என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். உண்மைக் காரணம் வெகு நாள் கழித்து, அங்கே வேலையை விட்டுப் போன ஒருவர் மூலம் தெரிந்தது: டாக்டரின் பங்கைக் கிளினிக் மாதக்கணக்கில் கொடுக்கவில்லை, அவர் வருவதை நிறுத்திவிட்டார். எங்களிடம் வாங்கிய பணம் அதற்குள் இன்னொரு கிளையின் வாடகைக்கும் விளம்பரத்துக்கும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

டாக்டர் இல்லாத மாதங்களில் அசிஸ்டென்ட் பெண்தான் பார்த்தார். பாவம், அந்தப் பெண்ணிடம் எனக்குக் கோபம் இல்லை. "பாப்பா, இந்தத் தடவை என்ன கலர்?" என்று கேட்டு ரப்பரை மாற்றுவார், இடைவெளியை மூட ஒரு ரப்பர் சங்கிலியை இழுத்து மாட்டுவார், ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். கம்பி ஆரம்பத்தில் போட்ட அதே மெல்லிய கம்பி. அந்தச் சங்கிலி முன் பற்களைப் பின்னால் இழுக்கும்போது, அதே விசை கடைவாய்ப் பற்களை முன்னால் இழுக்கும். அதனால் கடைவாய்ப் பற்கள் நகராதபடி அண்ணத்தின் குறுக்கே ஒரு கம்பி வைப்பார்கள், அல்லது எலும்பில் சின்ன ஸ்குரூ போட்டு அதிலிருந்து இழுப்பார்கள். கம்பியும் தடித்த, செவ்வக வடிவக் கம்பியாக இருக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதை மகளின் வாயில் பார்த்தோம்.

வேறு டாக்டரிடம் போனபோது, செஃபலோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் முன்னால் நகர்ந்து, நல்ல பல்லைப் பிடுங்கி உண்டாக்கிய 7 மில்லிமீட்டர் இடத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டன. முன் பற்கள் வேரோடு நகராமல் நுனி மட்டும் உள்ளே சாய்ந்திருக்கின்றன. கிளிப்பைச் சுற்றி எனாமலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அது சொத்தையின் முதல் படி. கிளிப் போட்டிருக்கும் பிள்ளைக்கு இடையிடையே கிளீனிங் செய்ய வேண்டும், பல் துலக்கும் முறையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. எடுத்த பல் திரும்பி வராது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாதியில் நிற்கும் கேஸை எடுக்கப் பல டாக்டர்கள் தயங்குகிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பழைய ரெக்கார்ட் வேண்டும் என்கிறார்கள், நியாயமான கேள்வி. எங்கள் கிளினிக்கில் கேட்டால் ஃபைல் "ஹெட் ஆபீஸில்" இருக்கிறது என்றார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்ட பிறகு வந்தது ஒரு பக்கத் தாள். பெயர், வயது, பேக்கேஜ் தொகை. எந்தத் தேதியில் என்ன கம்பி போட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. கணக்கு மட்டும் பைசா சுத்தமாக எழுதியிருந்தது. கழன்ற கிளிப்புக்கு ஒன்றுக்கு 300 ரூபாய் வாங்கியதுகூட இருந்தது.

சரி, தவணையை நிறுத்திவிடலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. லோன் நமக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இடையில். வைத்தியம் நடக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தேன். பவுன்ஸ் சார்ஜ், தினமும் போன், சிபில் ஸ்கோர் மிரட்டல். இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கே அலைனர் (கிளிப்புக்குப் பதிலாகப் பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் உறை) அனுப்பிக்கொண்டிருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு, டிசம்பரில் கடையை மூடியது. வைத்தியம் பாதியில் நின்றவர்களிடமும் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள். எங்கள் ரிசப்ஷனில் சொன்ன அந்த "வட்டியில்லாத் தவணை"யிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வட்டியைக் கிளினிக் தன் பக்கத்திலிருந்து ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிறது, அதைப் பேக்கேஜ் விலையில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கலாம். கையில் கொடுத்தால் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், விலை இறங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

கிளிப் போடப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, யார் போடப் போகிறார், அவர் இந்தக் கிளைக்கு மாதத்தில் எந்த நாள் வருவார் என்பது. கிளிப் டாக்டர், அதாவது ஆர்த்தோடான்டிஸ்ட் என்றால் பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் அந்தத் துறையிலேயே மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர். ரிசப்ஷனில் தொங்கும் சான்றிதழ் முதலாளியுடையதாக இருக்கலாம். மகளின் வாயில் கை வைக்கிறவரின் பெயரும் பதிவு எண்ணும் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பணம்: விசிட்டுக்கு விசிட் வாங்கச் சம்மதிக்காத இடத்தில் உட்காராதீர்கள். பல்லை நகர்ந்த இடத்திலேயே பிடித்து வைக்கும் ரிடெய்னரும் பேசிய தொகைக்குள் வருமா என்று எழுதி வாங்குங்கள். கிளிப் கழற்றிய பிறகு ரிடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், பல பேக்கேஜ்களில் அது தனிச் செலவு. ஆரம்ப எக்ஸ்ரே, போட்டோ, பல் மாடல் எல்லாவற்றின் நகலையும் முதல் மாதமே கேட்டு வாங்கி வையுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நாம் இருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, வக்கீல் இல்லாமலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஃபைனான்ஸ் கம்பெனி நம் புகாருக்கு 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மகளுக்கு இப்போது புது இடத்தில் இரண்டு ஸ்குரூ போட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் முன் பற்களை வேரோடு நகர்த்துகிறார்கள். விசிட்டுக்கு 1,500 ரூபாய், கையில் ரசீது. பழைய கிளினிக் எங்கள் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியிருக்கிறது: பேஷன்ட் ஒழுங்காக விசிட்டுக்கு வரவில்லையாம். அப்பாயின்ட்மென்ட் ரத்து என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணைத்துவிட்டோம். போன் மாற்றப் போகிறவர்கள் கிளினிக்கிலிருந்து வந்த செய்திகளை முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.