எச்சரிக்கை: குப்பை இழுக்கிற மெஷின் வாங்கினோம். காட்டிய குழாய் ஒன்று, தந்த குழாய் இன்னொன்று. 385,000 ரூபா போச்சு

கோபம் ஆறுவதற்கு முன்னம் எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவு பதினொரு மணிக்கு இருந்து இதைத் தட்டுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். போனது என் காசு என்றால் அப்படி விட்டும் இருப்பேன். போனது ஊர்க் காசு. 385,000 ரூபா.

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊர் சனசமூக நிலையத்துக்கு நான் பொருளாளர். அம்மன் கோவில் திருவிழா பத்து நாளும் வீதி நிறையக் குப்பை சேரும். கச்சான் கோது, ஐஸ்கிறீம் கப், தண்ணீர்ப் போத்தல், தும்புமுட்டாஸ் சுற்றிய பொலித்தீன், லஞ்ச் ஷீட். லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரிலேயே நாட்டில் தடை செய்தாயிற்று. எங்கள் கோவில் வீதிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. சோளகக் காற்றுக் காலம் என்றபடியால், கூட்டிக் குவித்ததைக் காற்று திரும்ப அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டங்களுக்குள் போடும். கூட்டுகிற அக்காமார் மூன்று பேர். மூன்று பேருக்கும் இடுப்பு நோ.

இந்த நேரத்தில்தான் பிரான்ஸில் இருக்கும் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் ஒரு வீடியோ அனுப்பினான். பெல்ஜியத்தில் செய்கிற குளூட்டன் என்ற மெஷின். ஒருவர் அதோடு நடைபாதையால் போகிறார், கையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், போத்தலும் கடதாசியும் தன்பாட்டில் 240 லீற்றர் தொட்டிக்குள் ஏறுகின்றன. பற்றரியில் ஓடுவதால் பெரிய சத்தமும் இல்லை. அதன் விலைக்கு நாங்கள் கோபுரத்துக்குப் பெயின்ற் அடித்துவிடலாம். ஆனால் "அதைப் போல ஒன்று" வாங்கலாமே என்று ஆசை வந்துவிட்டது. கனடா, லண்டன், சுவிஸ் என்று இருக்கிற ஊர்ச் சனம் வைபர் குழுவில் காசு சேர்த்து அனுப்பியது. சனி பிடித்தது அங்கேதான்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று நிலையத் தலைவர் மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாழ் நகருக்குள் இறக்குமதி மெஷின்கள் விற்கிற கடை, அவ்வளவுதான் சொல்லலாம். புல்லு வெட்டுகிறது, மரம் அறுக்கிறது, தண்ணீர்ப் பம்பி, மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் வாசலில் அடுக்கி, மேலே பெரிய பனர்.

முதலாளி என்னைவிட இளைய ஆள். நெற்றியில் வீபூதி. போனவுடன் தேத்தண்ணி வந்தது. மெஷினை வெளியே உருட்டி எடுத்தார்: 6.5 குதிரைவலு பெற்றோல் எஞ்சின், சில்லுப் பூட்டிய தொட்டி, அதில் இருந்து ஒரு மூன்று மீற்றர் குழாய். தெளிவான குழாய், உள்ளே என்ன போகிறது என்று கண்ணாடி போலத் தெரியும். ஒரு வாளியில் இருந்து கச்சான் கோதையும் காய்ந்த இலையையும் சீமெந்துத் தரையில் கொட்டினார். "பாருங்கோ அண்ணை" என்று எஞ்சினை இழுத்தார். கோதுகள் எறும்புச் சாரி மாதிரி குழாய்க்குள் ஓடின. அரை லீற்றர் போத்தல் ஒன்றைப் போட்டார், அதுவும் தடதடவென்று போனது. கிட்டப் போன என் வேட்டித் தலைப்பையும் இழுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்கத்தான் இப்போது வயிறு எரிகிறது.

பாசையூருக்கு மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்கமாட்டேன். அன்றைக்கு ஒன்றையும் தூக்கிப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த ஆள் இப்படிச் சொன்னார்: "கோவில் வேலை எண்டபடியா நான் ஒரு சதம் லாபம் வைக்கேல்லை அண்ணை. அம்மன் பாத்துக்கொண்டுதானே இருக்கிறா." இதைக் கேட்ட பிறகு விலை பேச வாய் வருமா? முற்பணம் 200,000 ரூபாவை வங்கிக்குப் போட்டேன். கணக்கு கடைப் பெயரில் இல்லை, வேறு யாரோ ஒருவரின் பெயரில். "மச்சானின்ர கணக்கு" என்றார். சரி என்றேன். பில்லில் "குப்பை மெஷின் 1 – 385,000" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கும் சரி என்றேன்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் பட்டா என்கிற சின்ன லொறியில் மெஷின் வந்து இறங்கியது. தொட்டி, எஞ்சின் எல்லாம் அதே மாதிரி. குழாய் மட்டும் தனிப் பெட்டியில். பிரித்தால் சாம்பல் நிறம், உள்ளும் புறமும் வரி வரியாய் மடிப்பு, ஆறு மீற்றர் நீளம், கடையில் பார்த்ததைவிட ஒல்லி. மெஷினின் வாயோடு பூட்டுவதற்குப் புனல் மாதிரி ஒரு துண்டும், மறு தலையில் உள்ள அகலமான இரும்பு வாயோடு பூட்டுவதற்கு அதேபோல இன்னொன்றும் இருந்தன. வாகனத்தோடு வந்த பொடியனுக்கு ஒன்றும் தெரியாது. போன் எடுத்தேன். "அது புது மொடல் அண்ணை. நீளம் கூட, மெஷினை இழுத்துத் திரியாமலே வேலை செய்யலாம்." நானும் தலையாட்டிவிட்டு மிச்சம் 185,000 ரூபாவைக் காசாக எண்ணிக் கொடுத்தேன். காசு கைமாறும் வரைக்கும் நான் அண்ணை. அதற்குப் பிறகு நான் தொல்லை.

கொடியேற்ற இரவு மெஷின் ஓடியது இருபது நிமிடம். முதலில் கச்சான் கோது போனது. பிறகு ஒரு ஒன்றரை லீற்றர் போத்தல் இரும்பு வாய்க்குள் வசதியாக ஏறி, புனல் ஒடுங்குகிற இடத்தில் தக்கை மாதிரி இறுகி நின்றது. எடுத்துவிட்டு ஓட்டினால் லஞ்ச் ஷீட் ஒன்று மடிப்பில் ஒட்டியது, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் ஐஸ்கிறீம் கப். கமுகஞ் சலாகை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தோம். எஞ்சின் சத்தம் ஊரைக் கூட்டுகிறது, குழாய் வாயில் ஒரு கடதாசி கூட அசையவில்லை. திருவிழாவுக்கு வந்த சனம் சுற்றி நின்று போனில் படம் எடுத்தது. இரண்டாம் இரவு, வீதியில் கிடந்த குழாய்க்கு மேலால் ஓட்டோ ஒன்று ஏறிவிட்டது. உள்ளே சுற்றியிருப்பது இரும்புக் கம்பி. நசுங்கியது நசுங்கியபடியே கிடந்தது, திரும்ப எழும்பவில்லை. "விட்டிட்டுப் போ தம்பி, நாங்கள் கூட்டுறம்" என்றார் மூத்த அக்கா.

நாலாம் திருவிழா அன்று எங்கள் பக்கத்து லேத்துப் பட்டறை ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குழாயிடம் போய் அளவுநாடாவைப் பிடித்தார். மெஷினின் வாய் 125 மில்லிமீற்றர், குழாயின் உள்விட்டம் 75. "முடிஞ்சுது" என்றார்.

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பதிவில் உருப்படியான விஷயம் இது மட்டும்தான். 125 மில்லிமீற்றர் குழாயில் காற்று போகிற பரப்பு ஏறக்குறைய 123 சதுர சென்ரிமீற்றர். 75 இல் அது வெறும் 44. பரப்பு மூன்றில் ஒன்றாய்க் குறைந்தால் தடை மூன்று மடங்கு என்றுதான் நாங்கள் நினைப்போம். அப்படி இல்லையாம். அதே அளவு காற்றை இழுப்பதென்றால், விட்டம் குறையக் குறையத் தடை ஐந்தாம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டால் பதின்மூன்று மடங்கு வருகிறது. நீளமும் மூன்று மீற்றருக்குப் பதில் ஆறு, அதனால் இருபத்தாறு மடங்கு. உள்ளே இருக்கிற மடிப்புகளின் உராய்வு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இந்தச் சாதி மெஷினில் இருப்பது நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளுகிற விசிறி. நெரித்தால் முக்கி இழுக்காது, காற்றுத்தான் குறையும். குழாய்க்குள் காற்றின் வேகம் குறைந்தால் குப்பை பாதிவழியில் படுத்துவிடும். எஞ்சின் எத்தனை குதிரைவலு என்பது பிறகு ஒரு பொருட்டே இல்லை. நான் கடையில் கேட்ட ஒரே கேள்வி குதிரைவலு.

இன்னொன்றும் சொன்னார். குப்பை ஏறுகிற முன்வாய்தான் முழுப் பாதையிலும் ஆகச் சின்ன இடமாக இருக்க வேண்டும். வாய்க்குள் நுழைந்தது எதுவும் அதற்குப் பிறகு எங்கும் சிக்கக் கூடாது. எங்களுடையது நேர்மாறு: வாய் அகலம், தொண்டை ஒடுக்கம். "இது குப்பை மெஷின் இல்லைத் தம்பி, மீன் பிடிக்கிற பறி. உள்ள போனது வெளியில வராது." ஒன்றரை லீற்றர் போத்தலின் விட்டம் 90 மில்லிமீற்றருக்குக் கிட்ட, அரை லீற்றர் 65. 75 குழாய்க்குள் எது போகும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தால்தான் பொலித்தீன் வழுக்கிக்கொண்டு போகுமாம். காய்ந்த காலத்தில் பொலித்தீனும் தூசும் உரசி மின்னேற்றம் பிடித்துச் சுவரில் ஒட்டும் என்பதால், குழாயின் கம்பியை மெஷினின் உடலோடு தொடுத்திருப்பார்களாம். எங்கள் குழாயில் கம்பியின் நுனி ரப்பருக்குள் மூடிக் கிடந்தது. பொலியூரித்தேன் குழாய் மண்ணும் கல்லும் உரசினாலும் தாங்கும், இந்த மலிவு பிவிசி நம்மூர் வெயிலில் கொஞ்ச நாளில் விறைத்து வெடிக்கும் என்றும் சொன்னார். வெடிக்கும் வரைக்கும் நாங்கள் அதைப் பாவித்தால்தானே.

இனிக் கடைக் கதை. முதல் தடவை போன் எடுத்தபோது, "ஈரக் குப்பை இழுத்திருப்பீங்கள் அண்ணை, நீங்கள் பாவிச்ச விதம் பிழை." மழையைக் கண்டு எத்தனை மாதம் என்று அவருக்கும் தெரியும். இரண்டாம் தடவை, "கொழும்பில இருந்து ஆள் வருது, செவ்வாய்க்கிழமை அனுப்பிறன்." செவ்வாய் போனது. மூன்றாம் தடவை ஒரு தங்கச்சி எடுத்து, "சேர் கொழும்புக்குப் போயிட்டார்" என்றா, பின்னால் அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருக்க. வட்ஸ்அப்பில் நசுங்கிய குழாயின் படத்தை அனுப்பினேன். நீலச் சரி இரண்டு விழுந்தது, பதில் விழவில்லை.

இன்று காலை நேரே போனேன். வாசலில் என்ன நடந்தது தெரியுமா? அதே மெஷின், அதே தெளிவான மூன்று மீற்றர் குழாய், அதே வாளியில் அதே கச்சான் கோது. வேறொரு ஐயாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். "ஐயா, இந்தக் குழாய் உங்களுக்கு வராது" என்று சத்தமாகச் சொன்னேன். முதலாளி என் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனார். உத்தரவாத அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில்: குழாய், வடிகட்டித் துணி, சில்லு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. "மோட்டருக்குத்தான் அண்ணை வாரண்டி. மோட்டர் ஓடுதுதானே?" ஓடுகிறது. அதுதான் கொடுமை. கடையில் காட்டிய குழாய் வேண்டுமென்றால் தனியாக 65,000 ரூபாவாம், எனக்காகக் குறைத்து. 385,000 கொடுத்தவனிடம் இன்னும் 65,000. காசைத் திருப்பித் தாருங்கோ என்றேன். "பாவிச்ச சாமானை எப்பிடி அண்ணை எடுக்கிறது?" தேத்தண்ணி வேண்டுமா என்றும் கேட்டார்.

வைபர் குழுவில் சுவிஸ் அக்கா ஒருவர் "மெஷின் வேலை செய்யிற வீடியோ போடுங்கோ தம்பி, ஆசையாய் இருக்கு" என்று மூன்று நாளாகக் கேட்கிறா. என்னத்தைப் போட?

வாங்கப் போகிறவர்களுக்கு என்று நிறைய எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். கை ஓய்ந்துவிட்டது. குதிரைவலுவைக் கேட்காதீர்கள், குழாயின் உள்விட்டத்தைக் கேளுங்கள், அளவுநாடாவை நீங்களே கொண்டுபோங்கள். குப்பையையும் உங்கள் ஊரில் இருந்தே ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு போங்கள், அவர்களின் வாளிக் கோதை நம்பாதீர்கள். குழாயின் விட்டம், நீளம், எதனால் செய்தது, எல்லாம் பில்லில் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். மச்சானின் கணக்குக்குப் போடவே போடாதீர்கள். ஏமாந்தவர்கள் 1977 இலக்கத்துக்கு அடியுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னுடையதை மாஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். நாலு பக்கம் தாண்டிவிட்டது, தலைப்புக்குக் கீழே இன்னும் கடையின் பெயர் வரவில்லை.

நாளைக்குத் தேர். காலை நாலு மணிக்கு வீதி கூட்ட வேண்டும். மெஷினை வாசிகசாலைக்குள் தள்ளி விட்டிருக்கிறோம், யாரோ அதன் மேல் பழைய பேப்பர்க் கட்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் சந்தையில் தும்புத்தடி ஆறு வாங்கினேன், ஒன்று 650 ரூபா. ஒவ்வொன்றையும் நிலத்தில் இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். பில்லும் வாங்கினேன்.