பண்டேராவில் பண்ணை வீடு பிடிப்பவர்களே, 1,140 டாலர் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

நேற்றிரவுதான் ஹூஸ்டன் திரும்பினோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டெக்சஸில், சான் அந்தோனியோவுக்கு வடமேற்கே இருக்கிறது பண்டேரா. கௌபாய்களின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சிற்றூர். 1870களில் இந்த வழியாகத்தான் கான்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டிக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிப் போனார்கள். இப்போது சுற்றுவட்டாரப் பண்ணைகள் சில விருந்தினரைத் தங்கவைத்துக் குதிரைச் சவாரி அழைத்துப் போகின்றன. என் ஒன்பது வயது மகளின் ஆசை அதுதான்.

விடுமுறைத் தங்குமிடங்களுக்கான ஓர் இணையதளத்தில் ஒரு பண்ணையைப் பிடித்தேன். மூன்று இரவு, சாப்பாடு, இரண்டு சவாரி, மொத்தம் 1,140 டாலர். உரிமையாளன் என்று சொன்னவன் பணப் பேச்சையே முதலில் எடுக்கவில்லை. மகளின் எடை என்ன, உயரம் என்ன, குதிரை ஏறிப் பழக்கம் உண்டா என்று விசாரித்தான். “அப்படியானால் பிஸ்கட்தான் சரி. பதினான்கு வயதுப் பெண் குதிரை, பிள்ளைகளைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும்” என்றான். படமும் அனுப்பினான், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு. அங்கேதான் விழுந்தேன். குழந்தையின் எடையைக் கேட்கிறவன் திருடன் என்று யாருக்குத் தோன்றும்? மாடு வாங்கினால் சுழி பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான், வெட்கக்கேடு. தளத்துக்கு எதற்குக் கமிஷன், நேரடியாக அனுப்பினால் இன்னொரு சவாரி இலவசம் என்றான். பணம் அனுப்பும் செயலி ஒன்றின் வழியாக 1,140 டாலரையும் அனுப்பிவிட்டேன்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போய் நின்றால், கேட்டில் துருப்பிடித்த சங்கிலி, பூட்டு. பக்கத்துப் பண்ணைக்காரர் டிரக்கை நிறுத்தினார். மகளின் புது பூட்ஸைப் பார்த்துவிட்டு, “நீங்களுமா?” என்றார். அங்கே குதிரையே கிடையாதாம்.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். மெதினா ஆற்றங்கரையில் சைப்ரஸ் நிழலில் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். மகள் வழியெல்லாம் பேசவில்லை.

தளத்தைக் கேட்டால், “பணம் எங்கள் வழியாக வரவில்லை.” வங்கியைக் கேட்டால், “நீங்களே அனுப்பியதுதானே.” செயலிக்காரர்களிடமிருந்து ஒரே பதில் மூன்று முறை, மூன்றிலும் என் பெயர் பிழையாக. 1,140 டாலருக்கு இவ்வளவுதான் மரியாதை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் போட்டு, அப்படியொரு பண்ணை உண்டா என்று கேளுங்கள். படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். நான் இன்று காலைதான் தேடினேன். அந்தக் குதிரை மொண்டானாவில் ஒரு பழைய விற்பனை விளம்பரத்தில் நிற்கிறது. அதன் பெயர் பிஸ்கட்கூட இல்லை.