15 வயதுக் காரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சேலத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு ஒரு கணக்கு. ஏற்காடு ஏறி இறங்கும் காருக்கு வேறு கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய வண்டியை என்ஜின் செலவை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. என் பார்வையில் முடிவைச் சொல்வது என்ஜின் அல்ல, காரின் அடிப்பக்கத்தைத் தாங்கும் இரும்புத் தகடான அடித்தகடு.

2010-இல் பதிவான சிறிய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புகை விடுகிறது, 15 ஆண்டுப் பதிவும் முடிந்துவிட்டது. "என்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னதுமே பலர் விற்கத் துணிந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், மலைப்பாதையிலேயே இதைச் சோதித்துவிடலாம். இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடி இறங்கி வந்து, மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபீரென்று நீலப்புகை வந்தால், பெரும்பாலும் என்ஜின் வால்வில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வு சீல்தான் போயிருக்கும். காலை எடுத்து இறங்குகையில் என்ஜினுக்குள் உறிஞ்சுவிசை கூடும். தேய்ந்த சீல் வழியே ஆயில் உள்ளே இறங்கிவிடும். இதற்குப் போரிங், அதாவது சிலிண்டரைக் கடையும் வேலை, தேவையில்லை, செலவும் மட்டுப்படும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது விடாமல் நீலமாகப் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதுதான் முழு என்ஜின் வேலை. அப்படியே ஆனாலும் லாரித் தொழிலில் ஊறிய சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

துரு அப்படியல்ல. மலையில் பனியிலும் மழையிலும் நிற்கும் காரின் தரைவிரிப்புக்கு அடியில் ஈரம் தங்கிவிடும். பட்டறையில் காரைத் தூக்கச் சொல்லி, முன்சக்கரத் தாங்கிகள் பொருந்தும் இடத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் தகடு திடமாக இருக்கிறது. 'பொத்' என்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, அந்தக் காருக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். மேலே பெயின்ட் பளபளப்பதை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையிறங்குவது பெரிய ஆபத்து.

தகடு நன்றாக இருந்தால் நான் பழுது பார்க்கவே சொல்வேன். எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் 5 ஆண்டுகள் ஓட்டலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். பசுமை வரி தனி. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆகவே 15-ஆம் ஆண்டில் செய்யும் என்ஜின் வேலைக்குப் பொருள் உண்டு. 20-ஐ நெருங்கும்போது நான் தயங்குவேன். வேலையோடு வேலையாக பிரேக் ஆயிலையும் பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். ஈரம் ஏறிய பிரேக் ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் அமுங்கும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது.

பழைய கார் வாங்கி மாற்றுவதென்றால் 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரானதையே தேடுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது அப்போதுதான். ஈரமான வளைவில் அதன் அருமை தெரியும். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கக்கூடும். சேலம் நகருக்குள் ஐந்து ரோட்டைச் சுற்றி ஓட்டிக் காட்டுவது போதாது. அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவாவது ஏற்றிப் பார்க்க விடாத வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

புதுக் காரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது பெரிய உதவி. ஆனால் பழைய காருக்கு ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியைப் புதிதாக மறுபடி கட்ட வேண்டும். மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடும் முன்பணமாகப் போகும். தினமும் மலையேறி வேலைக்குச் செல்லும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ அந்தச் செலவு தகும். மாதம் ஒருமுறை ஏறுபவருக்குத் தகாது.

காப்பித் தோட்டங்களில் ஓடும் பழைய டீசல் ஜீப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் சேஸிஸ் தனி இரும்புச் சட்டம். மேலே உள்ள தகரம் அரித்தாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஆவணங்கள் சரியாக இருந்து, அந்த இரும்புச் சட்டத்தில் விரிசல் இல்லாதவரை அதைப் பழுது பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.