வீடு தேடி வரும் இரத்தப் பரிசோதனை: எடுத்த கை நல்ல கை, அறிக்கைதான் போதாது

கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்லும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் சேவையை அண்மையில் பயன்படுத்தினோம். டவுன் சின்ட்ரோம் உள்ள என் தம்பிக்கு வயது 42. பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசை தெருமுனையில் கேட்டதுமே படலையைத் திறந்துகொண்டு நிற்பவன், சில மாதங்களாக வண்டி வாசலில் வந்து நின்றாலும் எழும்பாமல் இருந்தான். மறதிநோய் தொடங்கிவிட்டதோ என்ற பயத்தில், நினைவாற்றலையும் நோயெதிர்ப்பையும் சேர்த்துப் பார்ப்பதாக அவர்கள் விளம்பரம் செய்திருந்த பரிசோதனைத் தொகுப்பைக் கேட்டோம்.

வந்த இளைஞரைக் குறைசொல்ல இடமில்லை. தம்பியை “அண்ணா” என்று கூப்பிட்டு, ஊசியைக் காட்டாமல், பஞ்சை அவன் கையிலேயே கொடுத்து, நரம்பு தெரியாத கையைச் சுடுநீர்த் துணியால் ஒற்றி, ஒரே குத்தில் இரத்தம் எடுத்து முடித்தார். ஊசி என்றாலே வீட்டை இரண்டாக்கும் தம்பி, அவரை வாசல்வரை சென்று வழியனுப்பினான்.

மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் வந்த அறிக்கையில் உடலில் அழற்சி (தொற்று, வீக்கம் போன்றவற்றில் நோயெதிர்ப்புத் தொகுதி காட்டும் எதிர்வினை) இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., இன்டர்லியூக்கின் 6 ஆகிய இரண்டும் சிவப்பு எழுத்தில் ‘கூடுதல்’ என்றிருந்தன. அதன் கீழே, நினைவிழப்பு அபாயம் இருக்கக்கூடும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அந்த வரியை எழுதியவர், யாருடைய இரத்தம் என்று யோசித்திருக்க வேண்டும். நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்பெரோன் என்ற புரதங்களின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகளுக்கான ஆறு மரபணுக்களில் நான்கு 21ஆம் நிறமூர்த்தத்தில்தான் இருக்கின்றன. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு, அதாவது அந்த நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பவர்களுக்கு, நோயெதிர்ப்புத் தொகுதி எப்போதும் சற்று உசார் நிலையிலேயே இருப்பதால், அழற்சிக் குறிகாட்டிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது பரவலாகக் காணப்படுவதே. அல்சைமர் என்ற மறதிநோயில் மூளையில் படியும் அமிலோயிட் புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே நிறமூர்த்தத்தில் இருப்பதால், 40 வயதளவில் இவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அல்சைமர் படிவுகள் காணப்படுகின்றன. ஆனால் மறதிநோய் கண்டறியப்படும் சராசரி வயது 50களின் நடுப்பகுதி. இந்த அழற்சி அந்த நோயை விரைவுபடுத்துகிறதா என்பது ஆய்வாளர்கள் தீவிரமாகத் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்குள் அதை ஒரு வீட்டுப் பரிசோதனையாக விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பல்முரசு வீங்கினாலும், ஒரு தடிமன் பிடித்தாலும் இதே எண்கள் ஏறும். தம்பிக்கு முரசில் வீக்கம் இருந்தது. படிவத்தில் அதைக் கேட்கவுமில்லை, டவுன் சின்ட்ரோம் உண்டா என்று கேட்கவுமில்லை.

அறிக்கையைப் பார்த்த வைத்தியர் அதை ஓரமாக வைத்துவிட்டு, தைரொயிட், பி12 ஆகிய பரிசோதனைகளை எழுதித் தந்தார். காதைப் பார்த்தார், இரவில் குறட்டை விடுகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்டார். தைரொயிட் சுரப்பி மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹோர்மோன் மிகக் கூடுதலாக இருந்தது. நோயெதிர்ப்புத் தொகுதி தைரொயிட் சுரப்பியையே தாக்கி அதை மந்தமாக்குவது இவர்களிடம் அதிகம் என்றும், அந்தச் சோர்வை வீட்டார் மறதி என்று எண்ணிவிடுவது வழக்கம் என்றும் சொன்னார். நாங்கள் வாங்கிய தொகுப்பின் விலையில் ஐந்திலொரு பங்குகூட ஆகாத அந்தப் பரிசோதனை, நினைவாற்றல் என்று பெயர் வைத்த அத்தொகுப்பில் இல்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை.

இரத்தம் எடுக்கும் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து, தொகுப்புக்கு ஒன்று. தைரொயிட் மருந்தான தைரொக்சின் தொடங்கி நான்கு வாரமாகிறது. காலையில் வெறுவயிற்றில் குளிசை, அரை மணித்தியாலம் கழித்தே தேநீர் என்பதில் தம்பி எங்களைவிடக் கண்டிப்பு. அடுத்த மாதம் டி.எஸ்.எச். மீண்டும் பார்க்க வேண்டும். அதே இளைஞரைத்தான் கூப்பிடப்போகிறோம், அந்த ஒரு பரிசோதனைக்கு மட்டும்.