பேனல் ஃபில்டர், கோன் ஃபில்டர், கோல்டு ஏர் இன்டேக்: நம் வெயிலில் எது எடுபடும்?

காரின் பிக்கப்பைக் கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஏர் ஃபில்டரில்தான். கழற்றி மாட்ட எளிது, பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கடையில் மூன்று வழி காட்டுவார்கள். கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே பொருந்துகிற, கழுவிப் பயன்படுத்தும் பேனல் ஃபில்டர் ஒன்று. பாக்ஸையே தூக்கிவிட்டு பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் இன்னொன்று. மூன்றாவது, நீளமான குழாய் வழியாக ஃபில்டரைச் சக்கரத்தின் மேலுள்ள ஃபெண்டருக்குள்ளோ பம்பருக்குப் பின்னாலோ கொண்டுபோய் வைக்கும் கோல்டு ஏர் இன்டேக். ஒப்பிடுகிறவர்கள் ஃபில்டர் துணியின் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதைவிட முக்கியம், காற்று எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது.

கோன் ஃபில்டரின் கவர்ச்சி அதன் சத்தம். கம்பெனி பாக்ஸிலும் குழாயிலும் ஓசையை அடக்குவதற்கென்றே அறைகள் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டால் இரண்டாவது கியரில் முழு மிதி மிதிக்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சும் உறுமல் அப்படியே காதில் விழும். அருமையான சத்தம், மறுக்க மாட்டேன். ஆனால் வேகம் கூடியதாகத் தோன்றுவதில் பெரும் பங்கு அந்தச் சத்தத்துக்குத்தான்.

எஞ்சின் விவரங்களைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையை மொபைலில் பாருங்கள். ஏப்ரல் மதியம், வெளியே 36 டிகிரி, சிக்னலில் வண்டி நிற்கிறது. பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூட்டைத்தான் இழுக்கும். 60 டிகிரி காட்டினால் ஆச்சரியமில்லை. 36-லிருந்து 60-க்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. பெட்ரோல் எஞ்சின் ஒரு பங்கு எரிபொருளுக்குச் சுமார் 14.7 பங்கு காற்றை எடை கணக்கில் கேட்கிறது. காற்று லேசானால் முழு மிதியில் எரிக்க முடிந்த பெட்ரோலும் குறையும். போதாததற்கு, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும் என்று, எஞ்சினை இயக்கும் கணினியான இசியூ ஸ்பார்க் வரும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். ஃபில்டரில் கிடைத்த லாபம் இங்கேயே கரைந்துவிடும். கோவை செட்டிப்பாளையத்தின் காரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்குக் கதை வேறு: காற்று ஓடிக்கொண்டே இருக்கும், மிதி எப்போதும் தரையில் இருக்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வண்டிகளிலும் பாதிப்பு சற்றுக் குறைவு, ஏனென்றால் டர்போ சூடாக்கிய காற்றை இன்டர்கூலர் பிறகு குளிர்விக்கிறது. ஆபீஸுக்குப் போய்வரும் டர்போ இல்லாத பெட்ரோல் காருக்குத் திறந்த கோனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோல்டு ஏர் இன்டேக் இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் வந்தது. வெளிக்காற்றை நேராக இழுப்பதால் மூன்றிலும் பவரில் உண்மையான வித்தியாசம் காட்டக்கூடியது இதுதான், அதுவும் ரீமேப் செய்த (இசியூவின் மென்பொருளை மாற்றிய) டர்போ வண்டியில். ஆனால் நம் ஊர் மழை குறுக்கே வருகிறது. கம்பெனிக்காரர்கள் காற்று நுழையும் வாயைப் பெரும்பாலும் பானெட் விளிம்பு உயரத்தில் வைக்கிறார்கள். இந்த கிட் சிலவற்றில் ஃபில்டர் சக்கர உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காப்பீடு இதைப் பொதுவாக ஏற்பதில்லை, எஞ்சின் பாதுகாப்புக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். அதிலும் இன்டேக்கை மாற்றியிருப்பது தெரிந்தால் க்ளெய்மில் கேள்வி எழும். தண்ணீர் தேங்கும் தெருவில் இருப்பவர், ஃபில்டரை மேலேயே வைத்து நான்கு பக்கமும் மூடிய பாக்ஸும் கிரில்லிலிருந்து தனிக் காற்றுக்குழாயும் தரும் கிட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பேனல் ஃபில்டரில் பேரறிந்த பெயர் 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என். எண்ணெய் தடவிய பருத்தி வலை அடுக்குகள் காற்றை எளிதாக விடும். தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கம்பெனி பாக்ஸ் அப்படியே இருப்பதால் குளிர்ந்த காற்றும் மழைப் பாதுகாப்பும் கெடுவதில்லை. டியூன் செய்யாத எஞ்சினில் கூடுவது ஒன்றிரண்டு குதிரைத்திறன் இருந்தால் அதிகம். மைலேஜ் கூடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியபோதும் நவீன இன்ஜெக்ஷன் கார்களின் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. காற்றை அளந்துதான் இசியூ பெட்ரோல் விடுகிறது. ஆனால் அடைத்த ஃபில்டரை மாற்றியபோது வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. ஆகவே வண்டி மந்தமாக இருந்தால் முதலில் கம்பெனி தரும் சாதாரண பேப்பர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். செம்மண் சாலையிலும் கட்டட வேலை நடக்கும் பகுதியிலும் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு பேப்பருக்கே. நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் நல்ல பேப்பர் சளைத்ததல்ல.

இனி மாட்டும் வேலை. கோளாறு வருவது பெரும்பாலும் இங்கேதான். எஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பாக்ஸை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பக்கக் குழாயின் வாயை உடனே சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். ஒரு சிறு கிளாம்ப் உள்ளே விழுந்தால் போதும். குழாயில் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், புதுக் குழாயின் உள்விட்டம் அந்த இடத்தில் பழையதைப் போலவே இருக்க வேண்டும். பெரிதானால் காற்றின் வேகம் குறையும், சென்சார் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் போதாமல் செக் எஞ்சின் லைட் எரியும். சென்சாரின் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும். எஞ்சினிலிருந்து வரும், அது மூச்சுவிட உதவும் பிரீதர் ஹோஸைச் சென்சாரைத் தாண்டிய பக்கத்தில் இணைக்க வேண்டும். சில மெக்கானிக்குகள் அதன் நுனியில் குட்டி ஃபில்டர் மாட்டித் தொங்கவிடுவார்கள், அதை அனுமதிக்காதீர்கள்.

கழுவும் ஃபில்டரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் அலசுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் வலை கிழியும். நிழலில் தானாகக் காயட்டும். எண்ணெயை மடிப்பு மடிப்பாகக் கொஞ்சமாக விட்டு ஊற விடுங்கள். மிஞ்சிய எண்ணெய் சென்சாரின் சூட்டுக்கம்பியில் படிந்தால் அளவு தவறும். இந்தத் தொல்லை வேண்டாமென்பவர்களுக்கு எண்ணெய் தேவைப்படாத செயற்கை இழை ஃபில்டர்கள் இருக்கின்றன.

வாரண்டியில் உள்ள வண்டியானால் பில்லையும் பழைய பாகங்களையும் பத்திரப்படுத்துங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகன மாற்றங்களுக்கு வரம்பு போடுவதையும் நினைவில் வையுங்கள். எதை மாட்டியிருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டருக்குப் பிந்தைய குழாயைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் விளிம்பு ரப்பர் சரியாக உட்காரவில்லை அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.